செவன் வகை கிட் காரின் பின் சஸ்பென்ஷன்: ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்

முதல் கிட் கார் (பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் கார்) கைக்கு வந்த மூன்றாவது வாரமே அதன் பின்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, கிடைத்ததிலேயே கடினமானவற்றை மாட்டினேன். வளைவில் சாயாமல் பந்தயக் கார் போலப் போகும் என்று எண்ணம். சாயவில்லைதான். ஆனால் இங்கிலாந்துக் கிராமச் சாலை ஒன்றில், வளைவின் நடுவே தார் ஒட்டுப்போட்ட சிறு மேட்டில் ஏறியதும் வண்டியின் பின்பகுதி துள்ளி, ஓர் அடி தள்ளிப் போய் உட்கார்ந்தது. எதிரே யாரும் வராதது என் புண்ணியம்.

அதன் பிறகு அந்த வண்டியின் அடியில் படுத்துக் கற்றதை, இப்போதுதான் கிட் கார் வாங்கியிருப்பவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இந்த வேலையில் எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். ஆக்சில் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) அசைய வேண்டிய திசையில் தடையில்லாமல் அசைகிறதா, அசையக் கூடாத திசையில் அசையாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பிரிங் அதற்குப் பிறகு.

உங்கள் காரின் பின்னால் என்ன இருக்கிறது

கோலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் இந்த வகைக் கார்களுக்கு மூலம். முழுக் காராக வாங்கினால் அன்று பிரிட்டனில் விற்பனை வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. கிட் கார் கலாச்சாரம் அங்கே செழித்ததில் இந்த வரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1973-இல் செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அதே வடிவத்தைப் பின்பற்றி, வீட்டுக் கொட்டகையில் சதுரக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டும் லோகாஸ்ட் வகைக் கார்கள் 1990-களில் பெருகின.

இவற்றில் பலவற்றுக்குப் பின் ஆக்சில் தந்தது ஃபோர்டு எஸ்கார்ட். 1968 முதல் 1980 வரை வந்த, பின்சக்கர இயக்கம் கொண்ட எஸ்கார்ட்டில் ஆக்சில் பட்டை ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருந்தது. நம் அம்பாசிடரின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு புதிதல்ல: ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் முழு ஆக்சிலும் சேர்ந்து சாயும். கிட் காரில் பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஆக்சிலைச் சேஸிஸோடு (வண்டியின் சட்டகத்தோடு) இணைக்க, பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஆர்ம்கள், குறுக்கே ஒரு பான்ஹார்டு தண்டு, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த காயில்ஓவர் இரண்டு என்று வைத்திருப்பார்கள்.

ஆர்ம்கள் ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கின்றன. பான்ஹார்டு தண்டு இடமும் வலமும் நகராமல் பிடிக்கிறது. காயில்ஓவரின் வேலை எடையைத் தாங்குவதும் துள்ளலை அடக்குவதும் மட்டும். இந்தப் பங்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், எங்கே கோளாறு என்று ஊகிப்பது பாதி எளிது. டி டியான் என்ற வேறு வகை ஆக்சிலுக்கு மாறலாமா, தனித்தனி சஸ்பென்ஷன் வைக்கலாமா என்ற கேள்விகளை முதல் வருடத்தில் கேட்காதீர்கள். அது வேறு கார் கட்டும் வேலை.

எடுத்த எடுப்பில் செய்ய வேண்டியவை

வண்டியை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்; வண்டியின் எடை 550 கிலோதான் என்றாலும் மார்பின் மேல் விழுந்தால் அதுவே ஏராளம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தரையிலிருந்து சேஸிஸின் நான்கு மூலைகளின் உயரம், ஒவ்வொரு ஆர்மிலும் துளை மையத்திலிருந்து துளை மையம் வரை நீளம், பான்ஹார்டு தண்டின் இரு முனைகளின் உயரம், காயில்ஓவரின் நீளம், ஸ்பிரிங்கில் பொறித்திருக்கும் எண் எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன் எழுதிவையுங்கள். உயரங்களை எடுக்கும்போது வண்டி சமதளத்தில் தன் சக்கரங்களின் மேல் நிற்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மணல் மூட்டையும், பாதித் தொட்டி பெட்ரோலும் இருக்க வேண்டும். காலி வண்டியை அளந்து சரிசெய்தால், நீங்கள் உட்கார்ந்ததும் அத்தனையும் மாறிவிடும். இவ்வளவு இலேசான காரில் ஓட்டுநரே பெரிய சுமை.

ஆர்ம்களும் புஷ்களும்

ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில், ஆக்சிலுக்கும் ஆர்முக்கும் நடுவே நீளமான நெம்புகோலைக் கொடுத்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆர்மின் முனைக் கண்ணுக்குள் போல்ட்டைச் சுற்றியிருக்கும் உறைதான் புஷ். பழைய ரப்பர் புஷ் என்றால் ஆர்மின் கண் போல்ட்டைச் சுற்றி ஆடும். ஓரத்தில் வெடிப்பும், துருக்கலந்த கறுப்புத் தூளும் தெரியும். பின்பகுதி தானாக ஸ்டியரிங் போடுவதுபோல் தோன்றும் பல கார்களில் நோய் இங்கேதான். புதிய ரப்பர் புஷ்கள் போட்டதுமே பாதிக் குறை போய்விடும்.

அடுத்து வருவதுதான் ஆசை. கடைக்காரர் பாலியூரிதேன் (ரப்பரைவிட இறுகிய பிளாஸ்டிக்) புஷ்களைக் காட்டுவார். சிவப்பும் நீலமுமாக அழகாக இருக்கும், ஆட்டமே இருக்காது என்பார். ஆட்டம் இருக்காதுதான். ஆனால் கார் வளைவில் சாயும்போது சேஸிஸோடு ஒப்பிட்டால் ஆக்சில் சாய்ந்து நிற்கிறது. ஆர்ம்களைப் பிடிக்க ஆக்சிலில் பற்றவைத்த பிராக்கெட்டுகளும் சேர்ந்து சாய்கின்றன. அந்தச் சாய்வை விழுங்கிக்கொள்வது புஷ்ஷின் நெகிழ்வு. எட்டு முனைகளிலும் இறுகிய பாலியூரிதேனைப் போட்டால் ஆக்சில் சாய முடியாமல் இறுகுகிறது. விளைவு, நீங்கள் கேட்காத ஒரு ஆன்டி-ரோல் பார் (சாய்வைத் தடுக்கும் தண்டு). சாய முடியாத விசை எங்கே போகும்? பிராக்கெட்டின் பற்றவைப்புக்குள். நான் எட்டிலும் போட்டேன். அடுத்த கோடையில் இடது மேல் பிராக்கெட்டின் பற்றவைப்பு ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. தூசி என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை.

சாலையில் ஓட்டும் காருக்கு நான் சொல்வது: எட்டிலும் நல்ல ரப்பர். அல்லது சேஸிஸ் பக்கம் ரப்பர், ஆக்சில் பக்கம் ரோஸ் ஜாயின்ட் (உலோகக் கிண்ணத்துக்குள் உருளும் பந்து மூட்டு). ரோஸ் ஜாயின்ட் எந்தப் பக்கமும் தடையின்றித் திரும்பும், அதனால் பிராக்கெட்டை முறுக்காது. ஆனால் மழையும் மண்ணும் படும் இடத்தில் அது சீக்கிரம் தேயும், சத்தமும் போடும். மேலே ரப்பர் உறை போட்டால் ஆயுள் கூடும்.

ரோஸ் ஜாயின்ட்டுடன் நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம் கிடைக்கும். ஒரு முனையில் வலமரை, மறு முனையில் இடமரை. குழாயைச் சுற்றினால் நீளம் கூடும் அல்லது குறையும். அரை அங்குல யுஎன்எஃப் (நெருக்கமான அங்குல அளவு) மரை என்றால் அங்குலத்துக்கு 20 சுற்று, ஆக ஒரு மரையின் இடைவெளி 1.27 மி.மீ. இரு முனைகளும் சேர்ந்து நகர்வதால் குழாயின் ஒரு முழுச் சுற்றுக்கு 2.54 மி.மீ. மாற்றம். மரை குழாய்க்குள் குறைந்தது அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு போயிருக்க வேண்டும். அரை அங்குலத்துக்கு 19 மி.மீ. அதற்கும் குறைவாக இருந்தால் ஆர்மே தவறான நீளம், வேறு வாங்குங்கள்.

மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் ஒரே நீளமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருப்பது ஏன்? வீட்டு ஊஞ்சலைப் பாருங்கள். நான்கு சங்கிலிகளும் ஒரே நீளம் என்பதால் பலகை முன்னும் பின்னும் போய்வந்தாலும் மட்டம் மாறாது. ஒரு ஜோடியைச் சுருக்கினால் ஆடும்போது பலகை சாயும். இங்கே பலகைக்குப் பதில், ஆக்சிலின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் மூக்கு. ஆக்சில் ஏறி இறங்கும்போது அந்த மூக்கு தலையாட்டினால் கியர்பாக்ஸிலிருந்து அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டுகள் அதிரும்.

ஆர்ம்களின் சாய்வும் முக்கியம். நீங்கள் உட்கார்ந்த நிலையில் அவை தரைக்கு ஏறத்தாழ மட்டமாக இருக்கட்டும். சேஸிஸ் பக்கத்து முனை ஆக்சில் பக்கத்தைவிட உயரமாக இருந்தால், வளைவில் வெளிச்சக்கரம் பின்னுக்கும் உள்சக்கரம் முன்னுக்கும் நகரும். பின்பகுதி வளைவுக்கு வெளியே விலகப் பார்க்கும். புதியவர்களுக்கு இது ஆபத்தான குணம். சேஸிஸ் முனை சற்றே தாழ்ந்திருந்தால் நேர்மாறு, பாதுகாப்பான பக்கம். வண்டியின் உயரத்தை ஏற்றினாலோ இறக்கினாலோ இந்தச் சாய்வும் கூடவே மாறும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது இறுக்காதீர்கள். தொங்கிய நிலையிலேயே ரப்பர் பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் முறுக்கிக்கொண்டு, சில மாதங்களில் கிழியும். சக்கரம் தரையில், மணல் மூட்டை இருக்கையில், பிறகே இறுக்கம்.

பான்ஹார்டு தண்டு

பிரெஞ்சுக் கார் நிறுவனமான பான்ஹார்டின் பெயர்தான் இதற்கு. ஒரு முனை சேஸிஸில், மறு முனை ஆக்சிலின் எதிர்ப்பக்கத்தில். ஆக்சில் ஏறி இறங்கும்போது தண்டின் முனை வட்டத்தில் நகர்வதால், ஆக்சிலும் கொஞ்சம் பக்கவாட்டில் போகும். எவ்வளவு என்பது இரண்டைப் பொறுத்தது: தண்டின் நீளம், அதன் மட்டம்.

900 மி.மீ. தண்டு மட்டமாக இருந்து ஆக்சில் 50 மி.மீ. ஏறினால் பக்க நகர்வு 1.4 மி.மீ. அதே ஏற்றத்துக்கு 500 மி.மீ. தண்டில் 2.5 மி.மீ. இதுவும் பெரிதல்ல. ஆனால் அந்த 500 மி.மீ. தண்டின் ஒரு முனை ஏற்கெனவே 40 மி.மீ. உயரமாக இருந்து, அதே பக்கமாக மேலும் 50 மி.மீ. போனால் நகர்வு 6.5 மி.மீ.க்கு மேல். ஒவ்வொரு குழியிலும் வண்டியின் பின்பகுதியை யாரோ பக்கவாட்டில் இடிப்பதுபோல் உணர்வீர்கள். என் வண்டியைத் தூக்கிப் போட்டதில் ஸ்பிரிங்கோடு சேர்ந்து இதற்கும் பங்கிருந்தது: முந்தைய உரிமையாளர் இடம் போதவில்லை என்று குட்டைத் தண்டு ஒன்றைச் சரிவாக வைத்திருந்தார்.

ஆகவே செய்ய வேண்டியது: இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே கிடைக்கும் இடத்தில் முடிந்தவரை நீளமான தண்டு. நீங்கள் உட்கார்ந்த நிலையில் அது மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டத்தைத் தண்டின் மேலேயே வைத்துப் பாருங்கள்.

புதிய பிராக்கெட் தேவை என்றால் அதன் பலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓட்டுநருடன் 630 கிலோ இருக்கும் காரில் பின் ஆக்சிலின் மேல் ஏறத்தாழ 346 கிலோ. ஆக்சில், சக்கரம், பிரேக் என்று ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவற்றுக்கு 80 கிலோ கழித்தால் மீதி 266. நல்ல டயரோடு வளைவில் ஈர்ப்பு விசையில் 0.9 பங்கு பக்க விசை வந்தால், சுமார் 240 கிலோ இந்த ஒற்றைத் தண்டு வழியாகத்தான் போகிறது. போல்ட்டு இரண்டு தகடுகளுக்கு நடுவே பிடிபட வேண்டும். ஒரே தகட்டில் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. பிராக்கெட்டின் பின்னால் முக்கோணத் தாங்கல் கொடுங்கள்.

பற்றவைக்கும் முன்: செவன் வகைக் கார்களில் பெட்ரோல் தொட்டி ஆக்சிலுக்கு ஒட்டிப் பின்னால்தான் இருக்கும். அதைக் கழற்றி, வண்டி நிற்கும் கொட்டகையை விட்டே வெளியே கொண்டுபோங்கள். ஈரத்துணி போட்டு மூடுவது போதாது. பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். ஆக்சில் குழாயில் ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் குழாய் வளையும்; சிறிது சிறிதாக, இடம் மாற்றி, ஆறவிட்டுச் செய்ய வேண்டும். பற்றவைப்பில் கை பழகாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆக்சிலை நேராக்குதல்

இதற்குத் தேவை இரண்டு தூக்குக்குண்டு, ஒரு சாக்பீஸ், நல்ல டேப். கொத்தனார் கடைக்கால் குறிக்கும்போது மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்ப்பார் அல்லவா? அதே வித்தை.

முதலில் பான்ஹார்டு தண்டின் நீளத்தைச் சரிசெய்து ஆக்சிலை நடுவில் கொண்டுவாருங்கள்: சேஸிஸின் பக்கத்திலிருந்து இடது டயர், வலது டயர் இரண்டுக்கும் ஒரே தூரம். இதை விட்டுவிட்டு மூலைவிட்டம் பார்த்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும் ஆக்சிலும் மூலைவிட்டத்தில் வித்தியாசம் காட்டும்.

பிறகு கீழ் ஆர்ம்களின் சேஸிஸ் போல்ட்டு மையத்திலிருந்து இருபுறமும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறியுங்கள். ஆக்சிலின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான இடத்திலிருந்தும் குறியுங்கள். குண்டு ஆடி நிற்கும்வரை பொறுமை வேண்டும். கொட்டகைக் கதவைச் சாத்திவிடுங்கள், காற்று கெடுக்கும். வண்டியைத் தள்ளிவிட்டால் தரையில் நான்கு புள்ளிகள். இரண்டு மூலைவிட்டங்களும் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் சரி. வீட்டில் கட்டிய சேஸிஸே கோணலாக இருக்கலாம் என்பதால், முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இருபக்கமும் ஒருமுறை அளந்து பாருங்கள். 1,300 மி.மீ. அகலத்தில் 5 மி.மீ. கோணலானாலே ஆக்சில் 0.22 டிகிரி திரும்பி நிற்கிறது என்று பொருள். வண்டி நேராகப் போக ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

திருத்தும்போது ஒரு பக்கத்தின் மேல், கீழ் ஆர்ம்கள் இரண்டையும் ஒரே அளவு சுற்றுங்கள். ஒன்றை மட்டும் சுற்றினால் டிஃபரென்ஷியலின் மூக்கு நிமிரும் அல்லது குனியும். அந்தக் கோணமும் கியர்பாக்ஸின் வெளித்தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும்.

இப்போது ஸ்பிரிங்

கிட் கார் ஸ்பிரிங்குகளை இன்னும் பவுண்டு கணக்கில்தான் விற்கிறார்கள்: 130 என்றால் ஓர் அங்குலம் அழுத்த 130 பவுண்டு. கிலோவில் சொன்னால் மி.மீ.க்கு 2.3. காயில்ஓவர் 20 டிகிரி சாய்ந்திருந்தால் சக்கரத்துக்குக் கிடைப்பது அதில் 0.88 பங்கு, அதாவது 2.05. ஒரு பக்கத்துக்கு 133 கிலோ சுமை (மேலே சொன்ன 266-இல் பாதி), 133-ஐ 2.05-ஆல் வகுத்தால் 65 மி.மீ. சுமை ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கும் அளவு இது. 15.8 என்ற மாறாத எண்ணை இந்த 65-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால், வண்டி ஸ்பிரிங்கின் மேல் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது வரும்: 1.96.

சாலைக்கான விளையாட்டுக் காருக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு வரை வசதியான எல்லை. 180 பவுண்டு ஸ்பிரிங் 2.3 தரும், வழவழப்பான பந்தயத்தளத்துக்கு ஆகும். நான் முதலில் மாட்டியது 250. கணக்குப் போட்டிருந்தால் 2.7 என்று அன்றே தெரிந்திருக்கும். மேலே 266 கிலோ, கீழே 80 கிலோ என்ற விகிதத்தில் உடல் இலேசு, ஆக்சில் கனம். ஆக்சில் துள்ளும்போது அதைத் தரையில் அமுக்கிப் பிடிக்க மேலே போதிய எடை இல்லை. கடினமான ஸ்பிரிங் அந்தத் துள்ளலை உடலுக்குக் கடத்துகிறது, டயர் தரையை விடுகிறது.

சாய்வைக் குறைக்க ஸ்பிரிங்கை நம்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாயும்போது ஸ்பிரிங்கின் வலிமை, இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு இடைப்பட்ட தூரத்தைச் சக்கரங்களின் இடைவெளியால் வகுத்து, வர்க்கப்படுத்திய அளவுக்குத்தான் எட்டும். 900-ஐ 1,300-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.48; பாதிகூட இல்லை. முன்பக்கத்தில் சாய்வைக் கட்டுப்படுத்திவிட்டு, பின்பக்கத்தை மென்மையாக விடுவதே இந்தக் கார்களுக்கு ஒத்துவருகிறது.

ஷாக் அப்சார்பர் 100 மி.மீ. ஓட்டம் கொண்டதென்றால், நீங்கள் உட்கார்ந்த நிலையில் அமுங்க 60, நீள 40 மீதம் இருக்கட்டும். ஓட்டத்தின் முடிவில் முட்டாமல் தாங்கும் ரப்பர் தடுப்பு இல்லாமல் ஓட்டாதீர்கள். இறுக்கத்தை மாற்றும் திருகு இருந்தால் மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்குங்கள்.

சாலைக்கு எடுக்கும் முன்

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆக்சிலை ஜாக்கியால் மேலே முட்டும்வரையும், பிறகு கீழே தொங்கும்வரையும் ஓட்டிப் பாருங்கள். மேலே போகும்போது ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அதன் சுரங்கக் கூரையில் உரசுகிறதா? கீழே தொங்கும்போது பிரேக் ரப்பர் குழாய் இழுபடுகிறதா? கைப்பிரேக் கம்பி விறைக்கிறதா? புதிய பிராக்கெட் எதையாவது முட்டுகிறதா? ஒரு மணி நேர வேலை, சோம்பல் வேண்டாம்.

நான்கு தராசுகள் கடனாகக் கிடைத்தால் மூலை எடைகளைப் பாருங்கள். வலது பின்பக்க ஸ்பிரிங் தட்டை உயர்த்தினால் வலது பின்னும் இடது முன்னும் எடை கூடும், மற்ற இரண்டில் குறையும். மூலைக்கு மூலை கூட்டினால் இரண்டு தொகைகளும் ஒத்துப்போவதே இலக்கு.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவியுங்கள். பிரிட்டனில் சொல்லாமல் விட்ட மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

போல்ட்டுகளைக் கிட் தயாரிப்பாளர் தந்த அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு மஞ்சள் வண்ணக் கோடு போடுங்கள். முதல் ஓட்டம் தெரிந்த சாலையில், குறைந்த வேகத்தில், தனியாக. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். நோட்டில் எழுதிவிட்டு அடுத்தது.

80 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் அடியில் படுத்து, விளக்கடித்து ஒவ்வொரு கோடாகப் பாருங்கள். என் வண்டியில் பதினொரு கோடுகள் நேராக நின்றன. பான்ஹார்டு தண்டின் லாக் நட்டில் இருந்தது மட்டும் கடிகார முள் போல் கால் சுற்று விலகியிருந்தது.